பாண் பெட்டியில் வந்த பெயர்கள்

15.06.2009

பிரதி அதிபர் அவர்களுக்கு,
ஐயா / அம்மணி,

சிறுவர்கள் தொடர்பான அறிவித்தல்

தங்கள் பாடசாலையில் கற்கும் நான்கு பிள்ளைகளின் பெயரும் வீட்டு முகவரியும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. முதலாவது பெயர் உதயரூபன் கம்சாயினி, தரம் ஐந்து. இவர்கள் நால்வரும் இன்று வந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளவும். காரணத்தை இக்கடிதத்தில் குறிப்பிட முடியாது. பிள்ளைகளிடம் எதுவும் கேட்க வேண்டாம். பட்டியலைப் பிறருக்குக் காட்டவும் வேண்டாம். கடிதம் கிடைத்ததை, கொண்டுவரும் உத்தியோகத்தரிடம் கையொப்பமிட்டு உறுதிப்படுத்தவும்.

எம்.ஐ. றம்ஸீன்
பொலிஸ் சார்ஜன்ட்
சிறுவர், பெண்கள் பிரிவு


16.06.2009
படுவான்கரை

பொலிஸ் சார்ஜன்ட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதைக் கொண்டுவந்தவர் தோளில் மாட்டிய துவக்கோடு என் வகுப்பு வாசலில் நின்று கையொப்பம் வாங்கினார். முப்பத்தொரு பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். இரண்டு பேர் மேசைக்குக் கீழே போய்விட்டார்கள். ஜீப் போய் வெகுநேரமாகியும் அவர்கள் வெளியே வரவில்லை. நானும் கீழே உட்கார்ந்துதான் அன்றைய சூழல் பாடத்தை நடத்தினேன்.

நீங்கள் கேட்ட நான்கு பிள்ளைகளும் நேற்று வரவில்லை. இன்றும் வரவில்லை. இனி வருவார்களா என்று தெரியாது. எங்கே இருக்கிறார்கள் என்றும் தெரியாது. முகவரியெல்லாம் உங்களிடம்தானே இருக்கிறது, என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?

எங்கள் அதிபர் மாற்றம் பெற்றுப் போய் ஐந்து மாதம் ஆகிறது. வகுப்புக்கும் பாடசாலைக்கும் பொறுப்பு நான்தான், ஆகவே ஏசுவதானால் என்னையே ஏசலாம். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். ஜீப் வர வேண்டாம். சீருடை எங்கள் கேட்டைத் தாண்ட வேண்டாம். எது வேண்டுமென்றாலும் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் தருகிறேன்.

கேதீஸ்வரி
பிரதி அதிபர்


19.06.2009

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு நான் எழுதியதன் பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்து வாசித்தேன். அதற்குப் பிறகு வெட்கமாகப் போய்விட்டது.

நடந்தது இதுதான். சென்ற மாதம் எங்களில் சிலரைக் கொழும்பில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே சொல்லித் தந்தது சின்ன விடயம். ஒரு வீட்டில் அடிதடி, கைது, சாவு என்று பொலிஸ் போகிறது. அங்கே ஒரு பிள்ளை நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. மறுநாள் அதே பிள்ளை பாடசாலைக்குப் போகிறது, ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே பொலிஸ் அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் காலையிலேயே ஆசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும். என்ன நடந்தது என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை, ஆசிரியர் கேட்கவும் தேவையில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளையை ஏசாமல் விட்டால் போதும். தூங்கினால் தூங்க விடலாம். சோதனை இருந்தால் வேறொரு நாள் வைக்கலாம். அவ்வளவுதான்.

கல்விப் பகுதியிலிருந்து உங்களுக்கு முன்பே சுற்றறிக்கை வந்திருக்கும் என்று நினைத்தேன். இன்று விசாரித்தால் அது இன்னும் யாரோ ஒருவருடைய மேசை லாச்சியில் கிடக்கிறது. நான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திவிட்டேன். துவக்கோடு ஆளை அனுப்பியதும் நான்தான். எங்களுக்கு அது பழகிப்போய்விட்டது, கண்ணில் படுவதில்லை.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அவசரம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் காத்தான்குடி ஆள். தொண்ணூறாம் ஆண்டு எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டது உங்களுக்குத் தெரியும். என் வாப்பா அதில் மவுத்தானார். எனக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடம் திறந்த அன்று வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று கணக்கு சேர் என்னை முட்டுக்காலில் நிற்க வைத்தார். அவர் நல்ல மனிதர், வெளியூர்க்காரர். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நால்வரும் எங்கே என்று கேட்க மாட்டேன். சுகமாக இருக்கிறார்களா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். கம்சாயினியை நினைத்தால்தான் மனம் ஒரு மாதிரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தகப்பனைப் பிடிக்கப் போனவன் நான்தான். அவள் முற்றத்தில் நின்றாள். அழவில்லை.

றம்ஸீன்


22.06.2009

சார்ஜன்ட் அவர்களுக்கு,

நான் உங்களுக்குப் பொய் எழுதினேன். நான்கு பிள்ளைகளும் அன்று வந்திருந்தார்கள். உங்கள் ஜீப் திரும்பிப் போய் ஒழுங்கை முடக்கில் மறைந்ததும், நான்தான் அவர்களைப் பின் வேலிக் கடப்பால் அனுப்பினேன். வீடுகளுக்கும் ஆள் விட்டேன். "பொலிஸ் பேர் எழுதிக் கேட்குது, புள்ளய கொஞ்ச நாளைக்குக் கண் காணாத இடத்தில வைங்க" என்பது நான் சொல்லிவிட்ட வார்த்தை.

எங்கள் ஊரில் பொலிஸ் பட்டியல் என்றால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. உங்களுக்கு ஒரு தொண்ணூறு இருப்பது போல எனக்கும் ஒன்று இருக்கிறது. இதே பாடசாலை மைதானத்தில் எல்லோரையும் இருத்திவைத்துப் பெயர் வாசித்தார்கள். ஏழாவது பெயர் என் தம்பி அழகரத்தினம். எழும்பிப் போனவன் சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுப் போனான். பிறகு நாங்கள் அவனைக் காணவில்லை. அதனால் உங்கள் கடிதத்தில் பெயர், முகவரி, காரணம் சொல்ல முடியாது, பிறருக்குக் காட்டாதே என்று கண்டதும் என் மூளை வேலை செய்யவில்லை, கைகால்தான் வேலை செய்தது.

மூன்று பேர் திரும்பி வந்துவிட்டார்கள். கம்சாயினி வரவில்லை. அவளுடைய மாமி சீதேவி, அதுதான் தகப்பனின் அக்கா, முறிந்த கையில் மாக்கட்டோடு அவளைக் கூட்டிக்கொண்டு மாங்கேணிக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு சொந்தக்காரர் வீடு, கடற்கரையிலிருந்து நூறு யார் தூரம்கூட இருக்காது.

உங்களுக்கு இது தெரியாது என்பதால் எழுதுகிறேன். கம்சாயினியின் தாயைச் சுனாமி கொண்டுபோனது. பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. அலையிரைச்சல் கேட்காத இடம் வேண்டும் என்றுதான் சீதேவி தம்பியையும் பிள்ளையையும் வாவிக்கு இந்தப் பக்கம் கூட்டிவந்தாள். அந்தப் பிள்ளையை நான் திரும்பவும் கடலடியில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். இதற்கு உங்களை ஏச முடியவில்லை. அதுதான் இன்னும் கோபமாக இருக்கிறது.

உங்கள் ஏற்பாடு நல்லது. ஆனால் இங்கே அது நடக்க வேண்டுமென்றால் பட்டியல் கூடாது. ஒரு துண்டில் ஒரு பெயர். முகவரி இல்லை, தலைப்பு இல்லை, முத்திரை இல்லை. உங்கள் ஊர் உசனார் காக்கா தினமும் காலைப் பாதைப் படகில் சைக்கிளோடு வாவி கடந்து இங்கே பேக்கரிப் பாண் விற்க வருகிறார். அவர் பெட்டியில் கொடுத்துவிடுங்கள். பாணுக்கு இந்த ஊரில் யாரும் பயப்படுவதில்லை.

கேதீஸ்வரி


24.06.2009

டீச்சருக்கு,

நீங்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் சம்மதம். முத்திரை இல்லாவிட்டால் அது கடிதமே இல்லை என்று எங்கள் பொறுப்பதிகாரி அரை மணித்தியாலம் விளக்கினார். கடிதம் இல்லை சேர், பாணோடு போகும் துண்டு என்றேன். உசனார் காக்கா தலையைச் சொறிந்தார். "பொலிசிட கடுதாசி மேல கிடந்தா பாணும் பயத்துல சுருங்கிரும் மனே" என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

உங்களிடம் மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. தகப்பன் உதயரூபன் விளக்கமறியல் சிறையில். குடித்துவிட்டுத் தோணி வலிக்கும் சவளால் அக்காவின் கையை முறித்தது அவர்தான், இனி அதை உங்களுக்கு ஒளிப்பதில் பயனில்லை. பிணை எடுக்க யாரும் வரவில்லை. மாமியின் கை முறிந்திருக்கிறது. பிள்ளை ஊரில் இல்லை. இந்த மூன்றையும் சேர்த்து நன்னடத்தை உத்தியோகத்தர் அம்மா கோவை திறந்துவிட்டார். ஜூலை பத்துக்குள் பிள்ளை பாடசாலையில் இல்லாவிட்டால் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதுவார். அவர் கெட்டவர் அல்ல. அவருடைய மேசையில் இப்படி நாற்பது கோவை இருக்கிறது.

நான் மாங்கேணிக்குப் போய்ப் பார்க்கட்டுமா? சாரம் உடுத்துக்கொண்டு போவேன்.

றம்ஸீன்


29.06.2009

சார்ஜன்ட் அவர்களுக்கு,

நீங்கள் போக வேண்டாம். சாரம் உடுத்தாலும் உங்கள் தலைமயிர் வெட்டு பொலிஸ்தான். சனிக்கிழமை நானே வாழைச்சேனைக்குப் போய் பஸ் மாறிப் போனேன்.

சீதேவி என்னைக் கண்டதும் பாய் போட்டாள், தேத்தண்ணி தந்தாள், பிறகு நன்றாகத் தந்தாள்.

"நீங்கதான டீச்சர் புள்ளய ஒளிச்சு வைக்கச் சொன்ன. இப்ப நீங்களே வந்து கூப்பிடுறீங்க. நான் எத நம்புற?"

"நான் பிழை விட்டுட்டன் சீதேவி."

"படிச்ச ஆக்கள் பிழை விட்டா நாங்க எங்க போற?"

இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

கம்சாயினி முன் பக்கம் வரவில்லை. அந்த வீட்டு வாசல் கடலைப் பார்த்தது. அவள் குசினிக்குப் பின்னால் கிணற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. சாப்பாடு என்றால் இரண்டு வாய். நான் பக்கத்தில் போய் இருந்தேன். பிறகு கேட்டாள்: "டீச்சர், இண்டைக்குக் கடல் எவ்வளவு தூரத்தில நிக்கிது?"

நான் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். நான் திரும்பி வரும்வரை அவள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தாள் என்று நினைக்கிறேன். அந்த நேரம் என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

சீதேவி வரச் சம்மதம். ஆனால் ஒன்று கேட்கிறாள். "புள்ளய இல்லத்துக்குக் குடுக்க மாட்டம் எண்டு பொலிஸ் எழுதித் தரட்டும். வாய்ப் பேச்சு வேணா. சீல் அடிச்ச கடதாசி வேணும்." முத்திரை வேண்டாம் என்று நான் உங்களுக்கு எழுதி ஒரு கிழமைதான் ஆகிறது. சிரிப்பதானால் சிரியுங்கள், ஆனால் சீக்கிரம் எழுதித் தாருங்கள். இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது.

கேதீஸ்வரி


03.07.2009

டீச்சருக்கு,

சிரிக்கவில்லை. நான்கு நாள் தாமதித்ததற்கு மன்னியுங்கள். சீதேவி கேட்பது போல் எழுத எனக்கு அதிகாரம் இல்லை. தீர்மானிப்பது நன்னடத்தைப் பகுதியும் நீதவானும். இல்லாத அதிகாரத்தை இருப்பதாக எழுதினால் அந்தப் பெண் ஒரு பொய்க்கு மேலே இன்னொரு பொய்யை நம்பி வருவாள். ஆகவே உண்மையாக இருப்பதை மட்டும் எழுதியிருக்கிறேன். கடிதம் இத்துடன் இருக்கிறது. அதில் மூன்றே வசனம்: பொலிஸ் இந்தப் பிள்ளையைத் தேடவில்லை. பிள்ளையை மாமியிடமிருந்து எடுக்கும்படி பொலிஸ் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாது. நீதிமன்றத்தில் கேட்டால் பிள்ளை மாமியோடு இருப்பதே நல்லது என்று இந்தச் சார்ஜன்ட் சொல்லுவார்.

பொறுப்பதிகாரி முத்திரையை இரண்டு தரம் அடித்தார். முதலாவது மங்கலாக விழுந்தது.

நன்னடத்தை அம்மாவுக்கும் எழுதிக் கொடுத்தேன். பிள்ளை காணாமல் போகவில்லை, பொலிஸ் அனுப்பிய முறை தவறிய கடிதத்தால் பயந்து போயிருக்கிறார்கள், அது என் பிழை என்று கையொப்பமிட்டேன். சீதேவி மூன்று வசனத்துக்கு வருவாளா என்று தெரியவில்லை. வாசித்துக் காட்டும்போது எதையும் கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

றம்ஸீன்


20.07.2009

தம்பி றம்ஸீன்,

உங்களிடம் கேட்காமல் தம்பி என்று எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் சொல்லுங்கள், திரும்பவும் சார்ஜன்ட் ஆக்கிவிடுகிறேன்.

மாங்கேணிக்குத் திரும்பப் போய்க் கடிதத்தைக் கூட்டாமல் குறைக்காமல் வாசித்துக் காட்டினேன். "அப்ப குடுக்க மாட்டம் எண்டு எழுதல்லதான?" என்றாள் சீதேவி. இல்லை என்றேன். கடதாசியை வாங்கி முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். "பொய் சொல்லுறவன் எண்டா எழுதியிருப்பான்" என்று சொல்லிவிட்டு உடுப்புப் பையைத் தேடினாள். எட்டாம் திகதி வந்து சேர்ந்தார்கள். ஒன்பதாம் திகதி கம்சாயினியின் பெயருக்கு நேரே வரவு அடையாளம் போட்டேன். வரவுப் பதிவு இடாப்பில் மை கொட்டிவிட்டது.

பிழை முழுவதும் உங்களுடையது என்று எழுதிக் கொடுத்தீர்களாம். யார் அப்படிச் செய்யச் சொன்னது? நன்னடத்தை அம்மாவைத் தேடிப் போய் நானும் என் பங்கை எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "ஒரு பிள்ளைக்கு ரெண்டு பேர் குற்றவாளி எண்டு வந்து நிக்கிறத இப்பதான் பார்க்கிறன்" என்றார்.

பிள்ளை வகுப்பில் தூங்குகிறாள். முதல் கிழமை முழுக்கத் தூங்கினாள். நான் குரலைத் தணித்துப் பாடம் நடத்தினேன். பக்கத்துப் பிள்ளைகளும் தாங்களாகவே மெதுவாகப் பேசப் பழகிவிட்டார்கள். இப்படி ஒரு அமைதியை நான் பிரம்பு வைத்திருந்த காலத்திலும் கண்டதில்லை.

நீங்கள் அனுப்பிய மற்றப் பெயர்களும் கிடைத்தன. செவ்வாய்க்கிழமை வந்த பெயருக்காகக் கணிதச் சோதனையைத் தள்ளிவைத்தேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் போல நாக்கு துடித்தது, கேட்கவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னோடு படிப்பிக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை கம்சாயினி என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், பாண்காரர் கொண்டாற துண்டில யாருட பேர்?"

"அத சொல்லக் கூடாது."

"என்ட பேரும் வந்ததா?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஓம்" என்றேன்.

"அதுக்கா நீங்க என்ன ஏசல்ல?"

"ஓம் மகள்."

பிறகு போய்க் கொப்பியை விரித்து ஒரு பக்கம் எழுதினாள். வந்த பிறகு அவள் எழுதிய முதல் பக்கம் அது.

கேதீஸ்வரி அக்கா


08.09.2009

டீச்சர் அக்காவுக்கு,

இன்றைய துண்டில் பெயரோடு விடயத்தையும் எழுதுகிறேன். நம் ஒழுங்குக்கு இது மாறுதான், ஆனால் இந்தத் தடவை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கம்சாயினி.

வியாழக்கிழமை உதயரூபனுடைய வழக்கு. சீதேவி சாட்சி சொல்ல வர வேண்டும். நன்னடத்தை அம்மாவின் அறிக்கையும் அன்றுதான் நீதவானிடம் போகிறது. பிள்ளை மாமியோடு இருப்பதா, இல்லத்துக்குப் போவதா என்பது அன்றைக்கே முடிவாகலாம். நான் எழுதிக் கொடுத்தபடி எழும்பிச் சொல்வேன். நோன்பு காலம், வாய் வறண்டாலும் சொல்வேன்.

உதயரூபனைப் போன கிழமை பார்த்தேன். குடி இல்லாமல் ஆள் தெளிந்திருக்கிறார். ஆனால் மூன்று நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று சிறைக்காவலர் சொன்னார். அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்கிறார். அவர் செய்ததைக் கண்டவன் நான், அதனால் ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

றம்ஸீன்


10.09.2009
காலை ஏழரை

தம்பி,

அவசரமாக எழுதுகிறேன். சீதேவி முதல் பாதையில் போய்விட்டாள். கம்சாயினி பாடசாலைக்கு வந்திருக்கிறாள். வந்ததும் உசனார் காக்காவின் சைக்கிளடிக்குத்தான் போனாள். நான் ஜன்னலால் பார்த்தேன். எட்டாக மடித்த கடதாசி ஒன்றைக் கொடுத்து, "பொலிஸ் மாமாட்டக் குடுங்க" என்றிருக்கிறாள். காக்கா என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பிரிக்கக் கூடாதுதான், பிரித்துவிட்டேன். அவள் எழுதியபடியே இத்துடன் வைத்திருக்கிறேன்.

"எங்கட அப்பா உதயரூபன். இண்டைக்கு அவர ஏச வேணாம்."

பாதிப் பாண் விற்காமலே காக்கா திரும்பிப் பாதைக்கு ஓடுகிறார். இது வழக்குக்கு முன்னால் உங்கள் கையில் சேர வேண்டும். இந்தப் பிள்ளையை நன்றாக அறிந்தவள் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தம்பி.

கேதீஸ்வரி


10.09.2009
மாலை

அக்காவுக்கு,

காக்கா பத்து மணிக்கு வியர்த்து விறுவிறுத்து நீதிமன்ற வாசலுக்கு வந்து சேர்ந்தார். நான் துண்டை வாசித்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

முதலில் நீங்கள் காத்திருப்பது. பிள்ளை மாமியோடு இருக்கலாம் என்று நீதவான் சொல்லிவிட்டார். நன்னடத்தை அம்மா மாதம் ஒரு தடவை வந்து பார்ப்பார். அறிக்கையில் அவரும் அதையே எழுதியிருந்தார். நான் சொல்ல எழும்பியபோது, "தெரியும், இருங்கள்" என்றார் நீதவான். கோவையை அந்த இடத்தில் மூடினார்கள். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

உதயரூபன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். "அக்காவ அடிச்சது நான்தான், அவ பொய் சொல்லல்ல" என்றார். சீதேவி சாட்சி சொல்லத் தேவைப்படவில்லை. தண்டனைக்கு அடுத்த மாதம் தவணை.

இனி அந்தத் துண்டு. வழக்குக்கு முன்னால், ஆட்களை இருத்திவைக்கும் அறையில், சிறைக்காவலரிடம் கேட்டு அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். உங்கள் மகள் தந்தது என்று நீட்டினேன். ஒரு கை இன்னொருவருடைய கையோடு விலங்கில் இருந்தது. மற்றக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். அவர் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார் போலிருக்கிறது. ஏழு சொல்லுக்கும் நெடுநேரம் எடுத்தது. முடிந்த பிறகும் கடதாசியைக் கீழே வைக்கவில்லை.

"சேர், இத உங்களுக்கா எழுதியிருக்கு?" என்று கேட்டார். ஓம், எனக்குத்தான் என்றேன். "அப்ப உங்கட கையில இருக்கட்டும்" என்று திருப்பித் தந்துவிட்டு அழுதார். விலங்கில் கூட நின்ற ஆள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கி வந்தேன். அந்த மனிதரை ஏசுவதற்கு என்னிடம் மூன்று மாதமாக நிறைய இருந்தது. இன்றைக்கு ஏசவில்லை.

இந்தத் துண்டு நாளைக் காலையில் உங்களுக்குக் கிடைக்கும். வழக்கைப் பற்றி, இல்லத்தைப் பற்றி, தவணையைப் பற்றியெல்லாம் அவளுக்கு இரவே மாமி சொல்லியிருப்பாள். ஆனால் அவள் உங்களிடம் வேறொன்று கேட்பாள் என்று நினைக்கிறேன். கேட்டால், அப்பா சாப்பிட்டார் என்று சொல்லுங்கள்.

றம்ஸீன்